கிங் கிரிம்ஸனின் 'யுஎஸ்ஏ': 1974 அமெரிக்கப் பயணத்தின் லைவ் பதிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன பதிவு? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கிங் கிரிம்ஸன் இங்கிலாந்தைச் சேர்ந்த புராக்ரஸிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக்) இசைக்குழு. 1974 ஜூன் 28 அன்று நியூ ஜெர்சி மாநிலத்துக் கடலோர ஊரான ஆஸ்பரி பார்க்கில் அவர்கள் வாசித்த கச்சேரிதான் இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி. ஒரே ஒரு பாடல் மட்டும் இரண்டு நாள் கழித்து, ஜூன் 30 அன்று, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பதிவானது. 1975இல் இசைத்தட்டு வெளிவந்தபோது குழுவே கலைந்துவிட்டிருந்தது. உறையில் 'ஆர்.ஐ.பி.' (ஆன்மா சாந்தியடையட்டும்) என்று அச்சிட்டே வெளியிட்டார்கள்.

மேடையில் யார் யார்?

ராபர்ட் ஃபிரிப், கிட்டாரும் மெல்லட்ரான் என்ற ஒலிநாடா விசைப்பலகையும். ஜான் வெட்டன், பேஸ் கிட்டாரும் பாட்டும். பில் ப்ரூஃபர்ட், டிரம்ஸும் மற்ற தாளக் கருவிகளும். டேவிட் கிராஸ், வயலின், மெல்லட்ரான், எலெக்ட்ரிக் பியானோ. இந்த நான்காவது பெயரை நினைவில் வையுங்கள். இந்தப் பதிவைப் பற்றி எழும் கேள்விகளில் பாதி கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கின்றன.

அப்போது குழு எந்த நிலையில் இருந்தது?

உச்சத்திலும் இருந்தது, உடையும் நிலையிலும் இருந்தது. 1969இல் முதல் ஆல்பம் வந்ததிலிருந்து ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஃபிரிப் ஒருவர் மட்டும் மாறவில்லை. 1972இல் அவர் புதிதாக ஒரு குழுவைச் சேர்த்தார். அப்போது பெரும் புகழில் இருந்த யெஸ் குழுவை விட்டு ப்ரூஃபர்ட் வந்தார், ஃபேமிலி குழுவிலிருந்து வெட்டன் வந்தார். ஜேமி மியூர் என்ற தாளக் கலைஞரும் உடன் இருந்தார். தகடு, சங்கிலி, விசில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் இசையாக்கியவர் அவர். 1973 தொடக்கத்தில் மியூர் விலகியதும் அந்த வேலையையும் ப்ரூஃபர்ட் சேர்த்தே சுமந்தார்.

மிச்சமிருந்த நால்வரும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓயாமல் வாசித்தார்கள். வாசிக்க வாசிக்க வெட்டனும் ப்ரூஃபர்டும் சேர்ந்த அடித்தளம் இரவுக்கு இரவு கனத்துக்கொண்டே போனது. 1974 ஜூலை 1 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்ததே அந்த நால்வரின் கடைசிக் கச்சேரி. ஆஸ்பரி பார்க் அதற்கு மூன்று நாள் முந்தையது. சுற்றுப்பயணம் முடிந்ததும் கிராஸ் வெளியேற்றப்பட்டார். மற்ற மூவரும் லண்டன் திரும்பி 'ரெட்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அது கடைக்கு வருமுன்பே, செப்டம்பரில், ஃபிரிப் குழுவைக் கலைத்தார்.

கச்சேரி நடந்த இடத்தைக் 'கேசினோ' என்கிறார்கள். சூதாட்ட விடுதியா?

இல்லை. கடற்கரை நடைமேடையை ஒட்டி 1920களின் கடைசியில் கட்டத் தொடங்கிய பொழுதுபோக்குக் கட்டடம் அது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை வடிவமைத்த வாரன் அண்ட் வெட்மோர் நிறுவனமே இதையும் வடிவமைத்தது. அரங்கப் பகுதி பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டது. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் ஆல்பம் தலைப்பிலேயே சுமந்து வருவதும் இதே ஊரைத்தான். அது வந்தது 1973 ஜனவரியில். தன் சொந்தப் பாட்டுக்காரர் எழுந்துகொண்டிருந்த ஒரு சின்னக் கடலோர ஊருக்கு, ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கும் ஓர் ஆங்கிலேயரும் அவருடைய குழுவும் ஒரு கோடை இரவில் வந்து போயிருக்கிறார்கள்.

ஆல்பத்தில் கேட்கும் வயலின் டேவிட் கிராஸ் வாசித்ததே இல்லையாமே?

பாதி உண்மை. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இசைத்தட்டுக்காகப் பதிவைச் சீர்செய்தபோது, ஒலிநாடாவில் இருந்த கிராஸின் பகுதிகள் போதாது என்று முடிவெடுத்தார்கள். ராக்ஸி மியூசிக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த எடி ஜாப்ஸனை ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். அவருக்கு அப்போது இருபது வயது கூட ஆகியிருக்குமோ என்னவோ. 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக், பார்ட் டூ', 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்' இரண்டிலும் வயலினையும், 'லமெண்ட்' பாடலில் எலெக்ட்ரிக் பியானோவையும் அவர் புதிதாக வாசித்துச் சேர்த்தார். மற்ற இடங்களில் கேட்பது கிராஸ்தான். 'எக்ஸைல்ஸ்' பாடலின் வயலின் அவருடையது. அதைக் கேட்டுவிட்டு அவருக்கு வாசிக்க வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு ஏன் இந்த மாற்றம்? வயலின் மரப்பெட்டிக்குள் பிறக்கும் ஒலி. பக்கத்தில் பெரிய ஆம்ப்ளிஃபையர்கள் முழங்கும்போது அதை மேடையில் ஓரளவுக்கு மேல் உயர்த்த முடியாது, உயர்த்தினால் ஊளையிடும். வெட்டன் ஒலியை உருமாற்றும் ஃபஸ், வா-வா பெடல்களின் வழியே பேஸை விட்டு, கிட்டாரைவிடத் தடித்த ஒரு சுவரையே எழுப்புவார். ப்ரூஃபர்டின் ஸ்னேர் டிரம் அடி துப்பாக்கி வெடித்ததுபோல் விழும். ஃபிரிப்பின் லெஸ் பால் கிட்டார் அதற்கு ஈடுகொடுக்கும். வயலின் ஈடுகொடுக்காது. தான் வாசிப்பது தனக்கே கேட்காதபோது சுருதியைப் பிடித்து நிற்பது எவ்வளவு கடினம் என்பது, சத்தமான ஒரு மேடையில் ஒருமுறையாவது வயலினோடு நின்றவர்களுக்குத் தெரியும். மாதக் கணக்கில், இரவுக்கு இரவு கிராஸ் அந்த நிலையில் நின்றார்.

இதில் ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. குழு வளர்ந்த திசை அவருடைய கருவிக்கு இடம் விடவில்லை. ஆனால் அவருடைய வாசிப்பை அழித்து இன்னொருவர் வாசிப்பை வைத்ததை 'சின்னச் சீரமைப்பு' என்று சொல்லிக் கடந்துபோவதும் நியாயமில்லை. ஜாப்ஸன் அபாரமான கலைஞர். அவர் வாசித்தது சுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் அன்று அந்த அரங்கில் நடந்தது அதுவல்ல.

அப்படியென்றால் இதை லைவ் ஆல்பம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். அந்தக் காலத்து லைவ் ஆல்பங்களில் ஸ்டுடியோவில் ஒட்டுப்போடாதவை குறைவு. இதே குழு இதற்கு நேர் எதிரான வேலையையும் செய்திருக்கிறது. 1974 மார்ச்சில் வந்த 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஆல்பத்தை ஸ்டுடியோ ஆல்பம் என்றே எல்லோரும் நம்பி வாங்கினார்கள். அதன் பெரும்பகுதி, முந்தைய ஆண்டு நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ் அரங்கில் பதிவான கச்சேரி. கைதட்டலை நீக்கிவிட்டு வெளியிட்டிருந்தார்கள். அங்கே கச்சேரி ஸ்டுடியோ வேடம் போட்டது, இங்கே ஸ்டுடியோ கச்சேரிக்குள் நுழைந்தது.

எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் போதும் என்பது என் கருத்து. அதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கத்தில் மெல்ல வரும் அந்த ரீங்காரம் என்ன?

குழு மேடையேறும்போது அரங்கில் ஒலிக்கவிட்ட ஒலிநாடா. ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் சேர்ந்து 1973இல் வெளியிட்ட 'நோ புஸிஃபுட்டிங்' ஆல்பத்திலிருந்து எடுத்தது. அந்த அமைதி முடிந்து 'லார்க்ஸ் டங்ஸ்' கிட்டார் வெட்டிக்கொண்டு வரும் கணத்துக்காகவே தொடக்கத்தைத் தாண்டிப் போகாமல் கேளுங்கள்.

அந்த முதல் பாடலில் தாளம் பிடிபடவே இல்லை. எப்படி எண்ணுவது?

பத்தாக எண்ணுங்கள்: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. ஃபிரிப்பின் முரட்டு கிட்டார் வெட்டுகள் அந்த வரிசையில்தான் விழுகின்றன. கண்ட நடையில் கை போட்டுப் பழகியவர்களுக்கு இரண்டு ஐந்தாகப் பிரிக்கத் தோன்றும். அப்படியும் எண்ணிக்கை நேராகும், ஆனால் அழுத்தங்கள் கைக்கு எதிராக விழும். அந்த முரணை அனுபவிக்கலாம். முதல் இரண்டு முறை எண்ணாமல் கேட்டுவிட்டு மூன்றாவது முறை எண்ணுங்கள். நான் முதல் நாளே விரலை மடக்கி உட்கார்ந்ததால் பாட்டைத் தவறவிட்டேன்.

'ஆஸ்பரி பார்க்' என்பது பாடலா? வரிகளே இல்லையே?

இந்த ஆல்பத்தின் நெஞ்சு அதுதான் என்பேன். அது முன்கூட்டி எழுதப்பட்ட பாடல் இல்லை. அன்று மேடையில் அந்தக் கணத்தில் நால்வரும் சேர்ந்து உருவாக்கியது. அதனால் படைத்தவர்கள் பட்டியலில் நால்வர் பெயரும் இருக்கிறது, பெயருக்கு ஊரையே வைத்துவிட்டார்கள். பிராவிடன்ஸில் இதேபோல் பிறந்த ஒன்று 'பிராவிடன்ஸ்' என்ற பெயரிலேயே 'ரெட்' ஆல்பத்தில் இடம்பெற்றது.

நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்று ஒன்று உண்டு. ஆனால் அங்கே ராகம் தெரியும், தாளம் தெரியும், எங்கே திரும்பி வந்து சேர வேண்டும் என்பதும் தெரியும். இந்த நால்வரும் வெறுங்கையோடு இறங்குகிறார்கள். சுருதி, தாளம், நீளம் எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் விட்ட இழையை இன்னொருவர் எடுக்காவிட்டால் ஆயிரக்கணக்கானோர் முன்னால் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டியதுதான். அப்படி விழுந்த இரவுகளும் அவர்களுக்கு இருந்தன. ஆஸ்பரி பார்க்கில் விழவில்லை. வெட்டன் ஒரு துள்ளலான பேஸ் வரியைப் பிடிக்கிறார். ப்ரூஃபர்ட் அதன் அடியில் தாளத்தை இறுக்குகிறார். மேலே ஃபிரிப்பின் கிட்டார் நீண்ட, எரிகிற ஒற்றைச் சுரங்களாக ஏறிப்போகிறது. பின்னால் மெல்லட்ரான் பனிபோல் பரவுகிறது. புராக்ரஸிவ் ராக் என்றாலே மூளைக்கணக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டால் காலாட்டாமல் இருக்க முடியாது.

இசைத்தட்டில் இருப்பது வெட்டிக் குறைத்த வடிவம். முழுநீள வடிவம் பிற்காலப் பதிப்புகளில் கிடைக்கிறது. கண்டிப்பாக அதையும் கேளுங்கள். வெட்டிய வடிவம் நடு வெள்ளத்தில் நம்மை இறக்கிவிடுகிறது. முழு வடிவத்தில் அந்த நால்வரும் ஒருவரையொருவர் தேடுவது கேட்கிறது.

இன்னொரு கச்சேரிக் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் இப்படி ஒரு சுயேச்சையான வாசிப்பின்போது மற்ற மூவரும் மிக மென்மையாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்க, ப்ரூஃபர்ட் குச்சியைத் தூக்காமலேயே உட்கார்ந்திருந்தார். ஓர் அடிகூட அடிக்கவில்லை. அது 'ட்ரியோ' என்ற பெயரில் வெளிவந்தபோது படைப்பாளர்களில் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தார்கள். அடிக்காமல் இருந்ததும் இசைதான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'ஆஸ்பரி பார்க்'கைக் கேட்கும்போது யார் வாசிக்கிறார் என்பதோடு யார் காத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

பின்னால் கேட்பது உண்மையான வயலின் குழுவா?

இல்லை, மெல்லட்ரான். பார்வைக்கு விசைப்பலகைதான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி, அதில் முன்பே பதிந்த வயலின்களோ புல்லாங்குழலோ ஒலிக்கும். ஏறக்குறைய 8 விநாடியில் நாடா முடிந்துவிடும். விரலை எடுத்தால்தான் திரும்பத் தொடக்கத்துக்குப் போகும். அதனால் நீண்ட சுரங்களைக் கைமாற்றிக் கைமாற்றி வாசிக்க வேண்டும். மின்னழுத்தம் தடுமாறினால் நாடாவின் வேகம் மாறும், வேகம் மாறினால் சுருதி விலகும். ஊர் ஊராக லாரியில் ஏற்றி இறக்கும் பொருளில் இவ்வளவு நுட்பம் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 'எக்ஸைல்ஸ்' பாடலில் அந்த லேசான நடுக்கம்தான் பாடலுக்கே உரிய துயரம்போல் எனக்குக் கேட்கிறது.

'ஸ்கிட்ஸாய்ட் மேன்' மட்டும் ஏன் பிராவிடன்ஸிலிருந்து?

ஒரே இரவின் பதிவு என்ற தூய்மையைவிட நல்ல வாசிப்பு முக்கியம் என்று பார்த்திருக்கிறார்கள். பிராவிடன்ஸின் பேலஸ் தியேட்டர் கச்சேரியும் முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. 1969இல் கிரெக் லேக் பாடிய பாடல் இது, வரிகள் பீட்டர் சின்ஃபீல்டுடையவை. இங்கே வெட்டன் பாடுகிறார். லேக்கின் குரல் குளிர்ந்த எச்சரிக்கைபோல இருக்கும், வெட்டனுடையது நேரே சண்டைக்கு வருகிற குரல். நடுவில் எல்லாக் கருவிகளும் ஒரே வரியை ஒரே வேகத்தில் வாசித்து, ஒரே நொடியில் நின்று, ஒரே நொடியில் தொடங்கும் பகுதி இருக்கிறதே, அதை மேடையில் கூட்டத்துக்கு நடுவே சாதிப்பதற்கு எத்தனை இரவுகளின் பழக்கம் வேண்டும்!

'ஈஸி மனி' ஏன் பாதியில் மங்கி மறைகிறது?

இசைத்தட்டில் இடம் இல்லை. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான். எனக்கு இந்த ஆல்பத்தில் ஆறாத குறை இது ஒன்றுதான். ஃபிரிப்பின் தனி வாசிப்பு ஏறிக்கொண்டே போகும்போது கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

இதற்கு முன்பும் ஓர் அமெரிக்கப் பயண ஆல்பம் வந்ததே? இரண்டில் எது நன்றாக இருக்கும்?

1972இல் வந்த 'எர்த்பவுண்ட்' பற்றிக் கேட்கிறீர்கள். முற்றிலும் வேறு ஆட்கள். போஸ் பர்ரல் பாட, மெல் காலின்ஸ் சாக்ஸஃபோன் வாசிக்க, இயன் வாலஸ் டிரம்ஸ். ஒலிக்கலவை மேசையிலிருந்து நேராக ஒரு கேசட்டில் பதிந்தது. ஒலித்தரம் அவ்வளவு மோசமாக இருந்ததால், அமெரிக்காவில் இவர்களுடைய இசையை வெளியிட்டுவந்த அட்லாண்டிக் நிறுவனம் அதை வெளியிடவே மறுத்துவிட்டது. அமெரிக்கக் கச்சேரிகளின் பதிவு அமெரிக்கக் கடைகளுக்குப் போகவில்லை. அதன் முரட்டுத்தனத்துக்கென்றே ரசிகர்கள் உண்டு. ஆனால் முதன்முதலாகக் கேட்பவருக்கு நான் 'யுஎஸ்ஏ'வைத்தான் கொடுப்பேன். இது பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்தது, கருவிகள் பிரிந்து கேட்கின்றன.

2002 சிடியில் கூடுதலாக என்ன?

'யுஎஸ்ஏ' சிடியாக வந்ததே அந்த ஆண்டுதான். இருபத்தேழு ஆண்டுகள் பழைய இசைத்தட்டை வைத்தே மக்கள் ஓட்டினார்கள். 'ஃபிராக்சர்', 'ஸ்டார்லெஸ்' இரண்டும் அதில் சேர்க்கப்பட்டன.

'ஃபிராக்சர்' ஃபிரிப் தனக்கே வைத்துக்கொண்ட பரீட்சை. முழுச்சுர இடைவெளிகளை அடிப்படையாக வைத்து, நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் நீளும் ஒரு வேகப் பகுதியை எழுதி வைத்திருக்கிறார். ஒரு சுரம் நழுவினால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

'ஸ்டார்லெஸ்' வேறு வகை. ஆஸ்பரி பார்க்கில் இதை வாசித்தபோது கூட்டத்தில் பலருக்கும் இது புதுப்பாட்டு. 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாடலாக இது வெளிவர இன்னும் சில மாதங்கள் இருந்தன. மெல்லட்ரான் விரிப்பில் வெட்டன் பாடி முடித்ததும் பதிமூன்று எண்ணிக்கையில் ஒரு பேஸ் வரி ஊர்ந்து தொடங்கும். அந்த வரியைக் கொண்டுவந்தவர் டிரம்ஸ்காரர் ப்ரூஃபர்ட். அதன்மேல் ஃபிரிப் ஏறக்குறைய ஒரே சுரத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பார். பிறகு அடுத்த சுரம், பிறகு அதற்கும் மேல். நிமிடக்கணக்கில் இறுகிக்கொண்டே போய்க் கடைசியில் வெடிக்கும். ஸ்டுடியோ வடிவத்தில் சாக்ஸஃபோன்கள் உண்டு, இங்கே கிடையாது. அந்த இடங்களைக் கிராஸின் வயலின் நிரப்புகிறது. தொடக்கத்தில் கிட்டார் வாசிப்பதாக நாமெல்லாம் பழகிய அந்த மெட்டை மேடையில் வயலின் வாசிக்கும்போது, இந்தப் பாட்டு முதலில் அவருக்காகத்தான் பிறந்ததோ என்று தோன்றும்.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

முதலில் பழைய வரிசையிலேயே, ஜாப்ஸன் வாசித்த வடிவத்தைக் கேளுங்கள். தலைமுறைகள் காதலித்த ஆல்பம் அது. அடுத்து ஆஸ்பரி பார்க் முழுக் கச்சேரியைத் தேடுங்கள். ஃபிரிப்பும் டேவிட் சிங்கிள்டனும் நடத்தும் டிஜிஎம் நிறுவனம் அதைத் தரவிறக்கமாகவும், 2013இல் வந்த 'தி ரோட் டு ரெட்' பெட்டித் தொகுப்பிலும் தந்திருக்கிறது. 1974 அமெரிக்கப் பயணத்தின் கச்சேரி மேல் கச்சேரியாக அடுக்கிய தொகுப்பு அது. எல்லோருக்கும் தேவைப்படாது, விலையும் அதிகம். ஓர் இரவு போதும்.

அந்த முழுக் கச்சேரியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். 'லார்க்ஸ் டங்ஸ்' வந்ததும் பேஸ், டிரம்ஸ் இரண்டையும் ஒதுக்கிவிட்டு கிராஸின் வயலினை மட்டும் காதால் துரத்துங்கள். சில இடங்களில் நழுவுகிறது, சில இடங்களில் கேட்கவே மாட்டேன் என்கிறது. நழுவாத இடங்களில் அது ஏறிச்செல்லும் உயரத்தை ஜாப்ஸன் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டுடியோ ஆல்பங்களைக் கேட்காமல் நேராக இதற்கு வரலாமா?

தாராளமாக.

பிறகு அந்த நால்வரும் என்ன ஆனார்கள்?

ஃபிரிப் இசைத்தொழிலிலிருந்து ஒதுங்கி, ஆன்மிக ஆசிரியர் ஜே.ஜி. பென்னட் தொடங்கிய ஷெர்போர்ன் இல்லத்தில் மாதக்கணக்கில் தங்கிப் பயின்றார். 1981இல் புதிய கிங் கிரிம்ஸனோடு திரும்பினார், ப்ரூஃபர்டும் உடன் வந்தார். இடையில் 1978இல் வெட்டன், ப்ரூஃபர்ட், ஜாப்ஸன் மூவரும் கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தோடு சேர்ந்து 'யுகே' என்ற குழுவில் வாசித்தார்கள். 'யுஎஸ்ஏ'வில் ஒலிநாடாவில் மட்டும் சந்தித்தவர்கள் அங்கே நேரில் சேர்ந்தார்கள். வெட்டன் பிறகு ஏஷியா குழுவில் பெரும் வெற்றி கண்டார். 2017 ஜனவரியில் காலமானார்.

கிராஸ் வயலினைக் கீழே வைக்கவில்லை. தன் பெயரிலேயே குழு நடத்தித் தொடர்ந்து வாசித்தார். 2015இல் அவரும் ஃபிரிப்பும் இணைந்து 'ஸ்டார்லெஸ் ஸ்டார்லைட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். 'ஸ்டார்லெஸ்' மெட்டை எடுத்துக்கொண்டு விரிந்துபோகும் இசை. டிரம்ஸும் இல்லை, பேஸின் சுவரும் இல்லை. வயலின் முழுசாகக் கேட்கிறது.